முதுகில் இருந்த சிவப்பு பட்டன்

கம்ப்யூட்டரில் நான் முதலில் தெரிந்துகொண்டது அதன் முதுகைத்தான். மற்றவர்கள் அதன் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து பழகினார்கள். நான் அதற்கு உறை தைத்தவள். உறை தைக்கிறவளுக்கு முன்பக்கத்தில் பெரிய வேலை கிடையாது. எந்த ஒயர் எங்கே வெளியே வருகிறது, எந்த ஓட்டை வழியாகக் காற்று போகிறது, துணியை எங்கே வெட்டி மடிக்க வேண்டும் என்பதெல்லாம் பின்பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும். நான் டேப்பை எடுத்துக்கொண்டு நேராகப் பின்னால் போய்விடுவேன். எனக்கும் அதுதான் வசதி. முன்னால் நின்றால் யாராவது ஏதாவது கேட்பார்கள்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மெஷின் போட்டு ஜாக்கெட், பாவாடை தைத்துக்கொண்டிருந்தேன். பத்தாவது வரை படித்துவிட்டுத் தையல் கற்றுக்கொண்டவள். என் அப்பாவும் அம்மாவும் எறையூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் கரும்பு வெட்டியவர்கள். மகள் நிழலில் உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்பதே அவர்களுக்குப் பெருமை. எனக்குப் பேச்சு வராது. அளவெடுக்கும்போது "கையத் தூக்குங்க", "திரும்புங்க" என்பதோடு சரி. தைக்கக் கொடுக்க வரும் பெண்கள் என்னைக் கேலி செய்வார்கள். "இந்த அக்காகிட்ட ரகசியம் சொன்னா பத்திரமா இருக்கும்டி. உள்ள போறது தெரியும், வெளிய வராது" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே பெடலை மிதிப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் எதிர் வரிசையில் ஒரு கம்ப்யூட்டர் கடை வந்தது. கடைக்காரர் திருச்சிக்காரர், என்னைவிடப் பத்து வயது சிறியவர். ஒருநாள் கிழிந்துபோன நைலான் உறை ஒன்றைக் கொண்டுவந்து என் மெஷின் மேல் போட்டார்.

"அக்கா, இந்த மாதிரி தைப்பீங்களா? வெளியூர்லேருந்து வர்றது எதுவும் அளவு சேர மாட்டேங்குது."

தலையை ஆட்டினேன். அப்படித்தான் ஆரம்பித்தது. மானிட்டருக்கு ஒன்று, சி.பி.யு. டப்பாவுக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று என்று மூன்று சேர்ந்தால் ஒரு செட். பெரம்பலூரைவிட அரியலூரிலிருந்துதான் அதிகம் கேட்டார்கள். அங்கே சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டோர வீடுகளில் காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். அந்த ஊர்க்காரர்கள் டி.வி.க்கும் உறை போடுவார்கள், மிக்சிக்கும் போடுவார்கள். கம்ப்யூட்டரை மட்டும் சும்மா விடுவார்களா?

தூசி உள்ளே போகக் கூடாது என்றுதானே கேட்கிறார்கள் என்று கெட்டியான ரெக்சினில் நாலு பக்கமும் இறுக்கித் தைத்தேன். பார்க்க அழகாக இருக்கும். ஆலத்தியூர்ப் பக்கத்து வீடு ஒன்றில் ஒரு அம்மா, கம்ப்யூட்டரை அணைத்த அடுத்த நொடியே அந்த உறையை மாட்டிவிடுவாராம். சூடு உள்ளேயே நின்று, மழைக்காலத்தில் ரெக்சினுக்கு உள்பக்கம் வேர்த்து, சில மாதத்தில் மானிட்டர் படம் காட்டாமல் போய்விட்டது. கடைக்காரர் அதைக் கொண்டுவந்து திருப்பி வைத்து என்னைக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"மேல பாருங்கக்கா. கோடு கோடா இருக்குல்ல. அது டிசைன் இல்ல, மூக்கு. நீங்க மூக்க மூடித் தைச்சிருக்கீங்க."

அதற்குப் பிறகு நான் ரெக்சினைத் தொடவில்லை. பருத்தித் துணிதான். மானிட்டரின் மேல்பக்கம் வருகிற இடத்தில் கொசுவலைத் துண்டு ஒன்றை உள்ளே கொடுத்து இரண்டடுக்காகத் தைத்தேன். அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து மாட்டுங்கள் என்று வாங்குகிறவர்களிடம் சொல்லியிருக்கலாம். இப்போதும் உறை வாங்கி வைத்திருக்கிற யாருக்கும் அதைத்தான் சொல்வேன். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. சொல்ல வேண்டியதைத் துணியிலேயே தைத்துவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அளவெடுக்கப் போய் வந்ததில் மற்ற விஷயங்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டன. மவுஸ் நகரவில்லை என்றால் பெரும்பாலும் மவுஸ் கெட்டிருக்காது. அடியில் இருக்கும் வட்ட மூடியைத் திருகினால் குண்டு வெளியே விழும். உள்ளே இருக்கும் சின்ன உருளைகளில் அழுக்கும் முடியும் கயிறு மாதிரி சுற்றியிருக்கும். தையல் பிரிக்கிற ஊசியால் அதை எடுத்துவிடுவேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் கடைக்கு வரும் கீபோர்டுகளில் சந்தனம் காய்ந்து எழுத்துகள் உள்ளே அமுங்கிக் கிடக்கும். டப்பாவின் நெற்றியில் பொட்டு வைக்கலாம், எழுத்துக்கு எழுத்து வைக்கக் கூடாது. மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் பெரிய பின்னை 'இது எதுக்கு' என்று சிலர் வெட்டிவிடுவார்கள். அந்த வீடுகளில் டப்பாவைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கும். அது எர்த் பின். அதை வெட்டவே கூடாது.

இன்னொன்றும் பார்த்திருந்தேன். ஒயர் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில், காற்றாடிக்கு அருகே, நகம் அளவுக்கு ஒரு சிவப்பு பட்டன். அதில் வெள்ளையாக 230 என்று எழுதியிருக்கும். எல்லா டப்பாவிலும் அதேதான். ஒருமுறை புதிதாக வந்த டப்பா ஒன்றில் மட்டும் 115 என்று தெரிந்தது. கடைக்காரர் ஸ்குரூடிரைவர் நுனியால் அதை ஒரு தள்ளு தள்ளினார். 230 வந்தது. "இத பாக்காம சுவிட்சப் போட்டா வெடிச்சிரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் பக்கத்தில் டேப்போடு நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் இருக்கும். கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண் என் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றார். முப்பது வயதிருக்கலாம். கையில் பச்சைப் பூப்போட்ட துணி.

"கம்ப்யூட்டருக்குக் கவர் தைக்கிற டெய்லரக்கா நீங்கதானுங்களா? நான் லப்பைக்குடிக்காடு."

உட்காரச் சொன்னேன். அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கணவர் சவூதியில் வேலை பார்க்கிறார். அவர் வேலை செய்யும் இடத்தில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்தபோது ஒன்றைக் கேட்டு வாங்கிக் கப்பல் சரக்கில் போட்டிருக்கிறார். பெட்டி வந்துவிட்டது. அந்தப் பெண் கல்யாணத்துக்கு முன்னால் திருச்சியில் ஒரு வருடம் கம்ப்யூட்டர் படித்தவர்.

"எங்க தெருவுல மட்டும் ஒம்போது புள்ளைங்கக்கா. பத்தாவது, பன்னெண்டாவது முடிச்சிட்டு வூட்டோட இருக்குதுங்க. பெரம்பலூருக்கு பஸ் ஏத்தி கிளாசுக்கு அனுப்ப மாட்டேங்குறாங்க. உங்க வூட்லன்னா அனுப்புறோம்னு சொல்லிட்டாங்க. மாமியும் சரின்னுட்டாங்க. கொழுந்தன் மட்டும்தான் வெட்டி வேலைங்கிறாரு. வர்ற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு மொதமொதல்ல சுவிட்சு போடுறோம். நீங்க வந்து அளவெடுங்க. ஆம்பள மெக்கானிக்குன்னா வாசலோட நிக்கணும். நீங்கன்னா உள்ளயே வரலாம்ல?"

அவர் முகத்தைப் பார்த்தால் மறுக்கத் தோன்றாது. "வரேன்" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கே அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டார்.

வெள்ளிக்கிழமை குன்னம் வழியாகப் போகும் பஸ்ஸில் போய் இறங்கினேன். வீட்டுக் கூடத்தில் ஒரு மேசை. அதன் மேல் பூவேலை செய்த விரிப்பு, விரிப்பின் மேல் கம்ப்யூட்டர். சுவரோரமாகப் பாயில் ஒன்பது பெண்பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு புதிய நோட்டு. வாசலில் அவர்களுடைய செருப்புகள் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. மாமியார் ஃபாத்திஹா ஓதிய சர்க்கரையும் பேரீச்சம்பழமும் தட்டில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். கொழுந்தன் தொழுதுவிட்டு வந்த தொப்பியோடு ஒயர்களை மாட்டிக்கொண்டிருந்தார். வெட்டி வேலை என்று சொன்னவர்தான். ஆனாலும் மாட்டுவதற்கு வேறு யாரையும் விடவில்லை.

நான் வழக்கம்போலப் பின்னால் போய்விட்டேன். டேப்பை வைத்து அகலம் எடுத்தேன். உயரம் எடுக்கக் குனிந்தபோது சிவப்பு பட்டன் கண்ணில் பட்டது. 115.

எனக்குக் கை நின்றுவிட்டது.

முன்பக்கத்தில் மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, உங்கண்ணன் கொண்டாந்த மிக்சிக்கு ஒரு பெட்டி வச்சுல்ல ஓட்டுறோம். இதுக்கு அது வேணாமா?"

அவர் சொன்ன பெட்டி எனக்கும் தெரியும். சவூதியில் அந்தக் காலத்தில் வீட்டுக் கரண்ட் நம் கரண்டில் பாதிதான். அங்கிருந்து வரும் மிக்சி, டேப் ரிக்கார்டர் இதற்கெல்லாம் நம் கரண்டைப் பாதியாக்கிக் கொடுக்க, செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் அந்த ஊரில் பல வீடுகளில் இருக்கும்.

"அதெல்லாம் பாத்துட்டேம்மா" என்றார் கொழுந்தன். "டி.வி. மாதிரி இருக்குல்ல மானிட்டரு, இதுல 240 வரைக்கும் போட்டிருக்கு. இந்த டப்பாவுல ரெண்டு நம்பரும் போட்டிருக்கு. ரெண்டுலயும் ஓடும்னு அர்த்தம். பின்னு மட்டும்தான் வேற. நான் நம்ம ஊரு ஒயர் வாங்கி மாட்டிட்டேன்."

படித்துப் பார்த்திருக்கிறார். விவரம் தெரிந்தவர் மாதிரி பேசுகிறார். நான் துணி தைக்கிறவள். ஒருவேளை சவூதி டப்பாவில் வேறு மாதிரியோ என்னவோ. இப்படியெல்லாம் எனக்குள் ஓடியது. ஆனாலும் கடைக்காரர் சொன்ன 'வெடிச்சிரும்' காதில் கேட்டது. வாயைத் திறந்தேன்.

"டெய்லரம்மா, அளந்தாச்சுல்ல? கொஞ்சம் ஒதுங்கிக்குங்க" என்றார் கொழுந்தன்.

நான் ஒதுங்கிக்கொண்டேன்.

"பிஸ்மில்லாஹ்" என்று மாமியார் சொல்ல, அந்தப் பெண் தன் விரலால் சுவிட்சைப் போட்டார். பட்டாசு மாதிரி ஒரே சத்தம். டப்பாவின் பின்னால் வெளிச்சம் அடித்து, கறுப்பாகப் புகை வந்தது. ஃபியூஸ் போய், மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனும் நின்றது. பாயில் இருந்த பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள்.

"யா அல்லாஹ், கண்ணூறு!" என்றார் மாமியார்.

கொழுந்தன் முகம் செத்துப்போய்விட்டது. வெட்கம் கோபமாக வந்தது. "நான் அப்பவே சொன்னேன். அங்க கழிச்சுப் போட்ட சாமான நம்ம தலையில கட்டியிருக்கானுங்க. பழைய இரும்புக்குத்தான் லாயக்கு. எடுத்துப் போட்டுருங்க அண்ணி."

பிள்ளைகளின் அம்மாக்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். "நெருப்பு கிருப்பு பட்டா என்ன ஆவுறது, வாங்கடி" என்றார் ஒருவர். பிள்ளைகள் எழுந்து ஒவ்வொருத்தியாகச் செருப்பை மாட்டினார்கள். கடைசியாகப் போனவள் நோட்டைப் பாயிலேயே விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனாள். எழுதப்படாத அந்த நோட்டு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அந்தப் பெண் அழவில்லை. எனக்கு டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன். அடுப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சி மூன்று செலவானது.

"நான் பாத்தேன்மா" என்றேன்.

"என்னக்கா பாத்தீங்க?"

"பின்னாடி ஒரு செவப்பு பட்டன் இருக்கும். நம்ம கரண்டுக்கு 230ல இருக்கணும். அது 115ல இருந்துச்சு. அளக்கும்போதே பாத்துட்டேன்."

அவர் தீப்பெட்டியை மேடை மேல் வைத்தார். "சுவிட்சு போடுறதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா."

"அப்புறம் ஏன்க்கா சொல்லல?"

"வாய் வரல."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "என் விரலாலதானக்கா போட்டேன்" என்று மட்டும் சொன்னார். "இனிமே அந்தப் புள்ளைங்கள யாரு அனுப்புவாங்க?"

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. ஒரேயடியாக வந்தது. டப்பாவுக்குள் எல்லாமே ஒன்று இல்லை, கரண்டை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற தனிப்பெட்டி ஒன்று உள்ளே இருக்கிறது, அதுக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர், அது மட்டும் போயிருந்தால் மாற்றிவிடலாம், கடைக்காரர் மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன், எங்கிட்டக் கொடுங்கள், நான் எடுத்துக்கொண்டு போகிறேன். மூச்சு விடாமல் சொன்னேன்.

மாமியார் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "இந்தப் பேச்ச முன்னாடி பேசியிருந்தா ஒரு ஃபேனாச்சும் ஓடும்" என்றார். பிறகு, "சரி, கொண்டுட்டுப் போங்க. அடுத்த வெள்ளி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள ஓடலன்னா நான் சின்னவன் சொன்னத கேக்க வேண்டியதுதான்" என்றார்.

டப்பாவை அந்தப் பச்சைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கருகின வாசனை வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி ஒருத்தி மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்னாத்தா, அடிப்புடிச்ச சட்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறுநாள் மத்தியானம் கடைக்காரர் நாலு திருகைக் கழற்றி மூடியை எடுத்தார். மோந்து பார்த்தார்.

"எஸ்.எம்.பி.எஸ். காலி. அதக் கண்ணத் தொறந்து பாக்க வேண்டியதே இல்ல."

"மத்தது?"

"போர்டு பொழச்சிருந்தா பொழச்சோம். போர்டும் போயிருந்தா இந்த மாதிரி மாடலுக்கு நான் எங்க போவேன்? புதுசு வாங்குறதுதான். என்னக்கா, இன்னைக்கு இவ்வளவு கேள்வி கேக்குறீங்க?"

அலமாரியிலிருந்து ஒரு புது எஸ்.எம்.பி.எஸ்.ஸை எடுத்தார். கருகின பெட்டியைக் கழற்றி அதே இடத்தில் புதியதை வைத்தார். சிவப்பு பட்டனை எனக்குக் காட்டினார். 230. அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினார், யார் கையும் தவறிப் படாமல் இருக்க. எல்லாம் மாட்டியாயிற்று. சுவிட்சைப் போடக் கை நீட்டினார். ஊரில் கரண்ட் போய்விட்டது.

"வரட்டும். நீங்க போய்த் தைங்க" என்றார். எனக்குத் தைக்க ஓடவில்லை. கடைக்கு எதிரே என் மெஷினில் உட்கார்ந்துகொண்டு அவருடைய கடை டியூப் லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜாக்கெட்டுக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்துப் பிறகு பிரித்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து லைட் துடித்து எரிந்தது. ஓடினேன்.

காற்றாடி சுற்றியது. ஒன்றும் நடக்கவில்லை. கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். காற்றாடிச் சத்தம் மட்டும். பிறகு, "பீப்" என்று ஒரே ஒரு சத்தம்.

"ஒரு பீப்னா நல்ல சேதி அக்கா" என்றார். "நாலஞ்சு அடிச்சாதான் வம்பு."

நான் வந்து அந்தப் பச்சைத் துணியை வெட்ட ஆரம்பித்தேன். கருகின வாசனை போகத் துவைத்துக் காயவைத்திருந்தேன். மூன்று உறையும் வியாழக்கிழமைக்குள் முடிந்தன. டப்பா உறையின் பின்பக்கம், சரியாக அந்தப் பட்டன் வருகிற இடத்தில், சிவப்பு நூலில் 230 என்று போட்டேன். உறையை எடுக்கிற யாரும் அதைப் பார்க்காமல் எடுக்க முடியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் கூடத்தில் பிள்ளைகள் நாலு பேர்தான் இருந்தார்கள். சுவரில் ஒட்டிக்கொண்டு, மேசையிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி இருந்தார்கள். கொழுந்தன் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நான் தொட மாட்டேன். தைக்கிறவங்களே மாட்டட்டும்" என்றார். நானும் அந்தப் பெண்ணும் மாட்டினோம். ஊதாவில் கீபோர்டு, பச்சையில் மவுஸ், நீலத்தில் மானிட்டர். நிறத்துக்கு நிறம் பொருந்தும். பின்னை அழுத்தும்போது நுழையவில்லை என்றால் திருப்பிப் பார்க்க வேண்டும், பலம் காட்டக் கூடாது. மாமியார் இந்தத் தடவை சர்க்கரைத் தட்டை மேசைக்கு அருகே கொண்டுவரவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "பாத்துட்டீங்களாக்கா?"

"பாத்துட்டேன்" என்றேன்.

சுவிட்சைப் போட்டார். பீப். திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின, பிறகு நீலமாகத் திறந்தது. நாலு பிள்ளைகளும் முட்டி போட்டே முன்னால் நகர்ந்து வந்தார்கள். கொழுந்தன் கட்டிய கையை அவிழ்த்துவிட்டார். மனிதருக்குத் தாங்கவில்லை. உள்ளே வந்து, சவூதிப் பெட்டியின் அடியில் கிடந்த இரண்டு சின்ன ஸ்பீக்கர்களை எடுத்தார்.

"இது இல்லாம என்ன கம்ப்யூட்டரு? சத்தம் வரட்டும்" என்றபடி ஸ்பீக்கரின் அடாப்டரை, கட்டை விரல் உயரமான அந்தக் கறுப்புக் கட்டியை, நம் ஊர்ப் பிளக்கில் சேருகிற மாதிரி ஒரு மாற்றுப் பின்னில் குத்தி, சுவிட்சு போட்டிருந்த ஓட்டைக்குக் கொண்டுபோனார்.

அந்தக் கட்டியின் முதுகு என் பக்கம் இருந்தது. சின்ன எழுத்து. 110. அது மட்டும்தான், வேறு நம்பர் இல்லை.

"சொருகாதீங்க!"

என் குரல்தான் அது. எனக்கே அடையாளம் தெரியவில்லை. தெருவில் போன ஆள் ஒருவர் நின்று எட்டிப் பார்த்தாராம். கொழுந்தன் கை அப்படியே நின்றது.

"திருப்பிப் படிங்க தம்பி" என்றேன்.

திருப்பினார். கண்ணுக்கருகே கொண்டுபோனார். படித்தார்.

"நூத்திப்பத்து" என்றார் மெதுவாக.

மாமியார் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டெய்லரம்மாவுக்கு ஒரு வாரத்துல வாய் மொளச்சிருச்சு! டேய், நீ ஒரு நாளைக்கு எத்தன வெடி போடப் பாக்குற?"

பிள்ளைகளும் சிரித்தார்கள். கொழுந்தன் சிவந்துபோய் வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். அவர் நேராகச் சமையலறைக்குப் போய், மிக்சிக்கு அடியிலிருந்த அந்தச் செங்கல் கனத்து டிரான்ஸ்பார்மரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் அடாப்டரைச் சொருகினார். சொருகுவதற்கு முன்னால் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். ஸ்பீக்கரில் சின்னதாகப் பச்சை விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டதும் விண்டோஸ் திறக்கிற அந்த நாலு சொட்டு இசை கூடத்தில் கேட்டபோது, "இன்னும் ஒருவாட்டி, இன்னும் ஒருவாட்டி" என்று பிள்ளைகள் கேட்டு, அந்தப் பெண் மூன்று முறை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டினார். அப்படி அடிக்கடி அணைத்துப் போடக் கூடாது. அன்றைக்கு நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று இல்லை.

"சாயந்தரம் வரைக்கும் மிக்சி கெடையாது. கொழம்புக்கு அம்மியிலதான் அரைக்கணும்" என்றார் மாமியார். அவரே போய் அரைத்தார்.

மாலைக்குள் மற்ற ஐந்து பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். நெருப்பு கிருப்பு என்று சொன்ன அம்மாவும் வந்து, தன் மகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். அந்தப் பெண் நாற்காலியில் யாரையும் உட்காரவைக்கவில்லை. எல்லாரையும் எழுப்பி மேசைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"மொதப் பாடம் இங்கதான்" என்றார். "இது என்ன நம்பரு?"

"இருநூத்தி முப்பது டீச்சர்."

"வேற நம்பர் இருந்தா?"

"சுவிட்சப் போடக் கூடாது."

"தெரிஞ்சும் சும்மா இருக்கலாமா?"

பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் போய் ஒளிந்துகொள்ள வழி இல்லை. எல்லாரும் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு நான் தைத்த டப்பா உறைகள் எல்லாவற்றிலும், அரியலூருக்குப் போனதானாலும் தா.பழூருக்குப் போனதானாலும், முதுகில் சிவப்பு நூல் இருக்கும். வாங்குகிறவர்களுக்கு வாயாலும் சொல்லிவிடுவேன். அணைத்ததும் மூடாதீர்கள், பின்னால் என்ன நம்பர் என்று பாருங்கள், அடாப்டர் எதுவானாலும் முதலில் அதன் முதுகைப் படியுங்கள். முன்பு இரண்டு வார்த்தை பேசிய இடத்தில் இப்போது பத்து வார்த்தை. அவ்வளவுதான் என் முன்னேற்றம். எனக்கு அது போதும்.

அந்த ஒன்பது பேரில் ஒரு பெண் பிறகு பெரம்பலூரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சீட்டு அடித்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தாள். தினமும் பஸ்ஸில்தான் வந்து போனாள். நோட்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்து எடுத்தாளே, அவள்தான். ஒருமுறை நான் அங்கே சீட்டு வாங்கப் போயிருந்தபோது, எனக்குச் சீட்டைக் கொடுத்துவிட்டு, "அக்கா, இங்கயும் பின்னாடி போய்ப் பாத்துட்டேன்" என்றாள்.

லப்பைக்குடிக்காட்டுக் கூடத்தில் ஒன்று மூன்றானது. மூன்றாவது டப்பா வந்தது 2007 வாக்கில் இருக்கும். அளவெடுக்கப் போய்ப் பின்னால் குனிந்து பார்த்தேன். சிவப்பு பட்டனே இல்லை. புதிய எஸ்.எம்.பி.எஸ்.கள் சில தானாகவே கரண்டைத் தெரிந்துகொள்ளும், தள்ளிவிட வேண்டிய வேலை கிடையாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"இதுக்குப் பட்டன் இல்லையே. செவப்பு நூல் வேணாம்லமா?" என்று நானாகவே கேட்டேன்.

அந்தப் பெண் ஒரு பிள்ளைக்கு எதையோ காட்டிக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"போடுங்கக்கா. இல்லன்னா இதுங்க எதுக்குப் பின்னாடி போய்ப் பாக்கப்போவுதுங்க?"